பழைய கேமிங் மெஷினுக்கு ஒரு லட்சம்: கார்ட் மாத்துறதா, போர்டும் ப்ராசசரும் மாத்துறதா?

கையில இலங்கைக் காசு ஒரு லட்சம் சேந்திருக்கு, மெஷின் கிழடு தட்டிப் போச்சு, எதை மாத்துறது? இந்தக் கேள்வியோட நானும் என்ட மச்சானும் ரெண்டு மாசம் மண்டையை உடைச்சம். நான் மட்டக்களப்பு கல்லடி, வீட்டுப் பின்பக்கம் நிண்டா கடல் இரைச்சல் கேக்கும். அவன் செங்கலடி. என்ட மெஷின் 2016ல எடுத்தது, இன்டெல் ஐ5 6500 ப்ராசசர், எச்110 போர்ட் (எல்லாச் சாமானும் மாட்டுற மதர்போர்ட்), 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கார்ட் (கேம்ட படத்தை வரையிற கிராஃபிக்ஸ் கார்ட்). அவன்ட ஒரு வருசம் பிந்தினது, ஏஎம்டி ரைசன் 5 1600 ப்ராசசர், பி350 போர்ட், 16 ஜிபி ராம், கார்ட் அதே 1060 தான். 2022ல டொலர் 200ல இருந்து 360க்கு ஏறினதோட ரெண்டு பேரும் அப்கிரேட் கதையையே விட்டுட்டம், அதாலதான் ரெண்டும் இவ்வளவு காலம் இழுபட்டுது. ஒரே காசு, ஒரே கார்ட், கடைசியில ரெண்டு பேரும் எடுத்த முடிவு நேர் எதிர், ஏன் எண்டுறதைத்தான் எழுதுறன்.

முதல்ல, ஒரு சதமும் செலவழிக்க முன்னம் கேசிங்கைத் திறங்க. கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுவன். நான் ராம் ஸ்டிக்கைக் கழட்டிப் பாத்தா, தங்கக் கலர்ல இருக்க வேண்டிய அந்தப் பல்லு வரிசை மங்கிப் போய் ஒரு ஓரத்தில பச்சை பிடிச்சிருக்கு, எல்லாம் உப்புக் காத்து செய்த வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பரால மெல்லமாத் தேய்ச்சு, தூளை பிரஷ்ஷால தட்டி விட்டுத் திருப்பிப் போட்டன், இடைக்கிடை மெஷின் விழுந்து வாற நீலத் திரை அதோட நிண்டுட்டு. ப்ராசசருக்கு மேல சூட்டைக் கடத்தப் பூசியிருந்த பேஸ்ட் சுண்ணாம்பு காஞ்ச மாதிரி பொருக்கு விட்டுக் கிடந்தது. புதுசாப் பூசினதும், ஆடி மாச வெக்கையில கேம் போட்டா 92 பாகைக்குப் போன சூடு 74ல நிண்டுது. சூடு கூடினா ப்ராசசர் தன்னைத்தானே வேகம் குறைச்சுக் கொள்ளும், அதைப் பாத்துத்தான் நிறையப் பேர் மெஷின் பழசாப் போச்சு எண்டு புதுசு வாங்க ஓடுறது.

மறுகா அளந்து பாக்கோணும். ஆஃப்டர்பர்னர் எண்ட அளக்கிற சொஃப்ட்வெயரைப் போட்டுக் கேம் ஓடேக்க கார்ட் எத்தின வீதம் வேலை செய்யுது எண்டு பாருங்க. கார்ட் 97, 98ல நிண்டா மூச்சு முட்டுறது கார்ட்டுக்கு. கார்ட் 50, 60ல சும்மா நிண்டுகொண்டு ப்ராசசர் 100ல துடிச்சா பிரச்சினை மற்றப் பக்கம். இன்னும் ஒரு லேசான வழி இருக்கு, ரெசலூஷனை 1080ல இருந்து 720க்கு இறக்கிப் பாருங்க, எஃப்பிஎஸ் (செக்கனுக்கு எத்தின படம் திரைக்கு வருது எண்ட கணக்கு) ஏறினா கார்ட்தான் தடை, ஏறாம அப்பிடியே நிண்டா ப்ராசசர்தான் தடை. நான் விளையாடுறது வேலோரண்ட், சிஎஸ் 2 எண்ட ஒன்லைன் சுடுற கேம்கள், ரெசலூஷனை இறக்கினாலும் எனக்கு எதுவும் அசையல்ல. மச்சான் தனியா இருந்து பெரிய ஓப்பன் வேர்ல்ட் கேம் விளையாடுற ஆள், அவனுக்கு இறக்கின உடன ஏறிட்டு. எங்கட முடிவில பாதி அந்த இடத்திலயே முடிஞ்சுட்டு.

எஸ்எஸ்டி, அதுதான் ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாப் போடுற வேகமான சேமிப்பு, அதைப் பத்தி நீட்டத் தேவையில்ல. இன்னும் ஹாட் டிஸ்க்கில விண்டோஸ் ஓடுற ஆக்கள் இதை முதல் செய்யுங்க, அவ்வளவுதான். எச்110 போர்ட் பலதில எஸ்எஸ்டியை நேரா போர்டில மாட்டுற எம்.2 ஸ்லொட்டே இல்ல, வயரால இணைக்கிற சாட்டா எஸ்எஸ்டி போதும், ஹாட் டிஸ்க் செக்கனுக்கு 100, 150 எம்பி வாசிக்கிற இடத்தில அது 500ஐத் தாண்டும், கேமிங்குக்கு அதுக்கு மேல போனா வித்தியாசம் பெரிசாத் தெரியாது. எஃப்பிஎஸ் ஏறாது, ஆனா மெப் லோட் ஆகிற நேரமும், ராம் நிரம்பினா வாற இழுவையும் குறையும்.

ராம் ஒரே ஸ்டிக்கா இருந்தா அதே அளவில இன்னொண்டு போடுங்க. 8 ஜிபி இந்தக் காலத்துக்குப் பத்தாது எண்டுறது ஒரு பக்கம், ரெண்டு ஸ்டிக் போட்டா டுவல் சேனலாகி ப்ராசசருக்கும் ராமுக்கும் நடுவில பாதை ரெட்டிப்பாகுது எண்டுறது மற்றப் பக்கம், என்ட மாதிரி ப்ராசசர் தடையா இருக்கிற மெஷினுக்கு அது நல்லாவே தெரியும். 2025 கடைசியில ராம் விலை உலகம் முழுக்க ஏறிட்டு, அதால நான் செகண்ட் ஹேண்ட் டிடிஆர்4 தேடி எடுத்தன், ராம்ல செகண்ட் ஹேண்ட் பயமில்ல, ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி ஓட விட்டா நல்லதா கெட்டதா எண்டு தெரிஞ்சிடும்.

இப்ப பெரிய செலவுக்கு வாறன். இதில நான் பிடிச்சுக்கொண்ட கணக்கு ஒண்டுதான், இண்டைக்கு வாங்கிற சாமான் நாளைக்கு அடுத்த மெஷினுக்கும் வருமா, இல்ல இந்தப் போர்டோட சேந்து சாகுமா?

எனக்கு முன்னால இருந்த முதல் வழி ஐ7 7700 ப்ராசசர். அதே போர்ட், பயோஸ் (போர்டுக்குள்ள இருக்கிற அடிப்படை சொஃப்ட்வெயர்) மட்டும் புதுப்பிச்சாப் போதும், 4 கோர் 4 த்ரெட் எண்டு இருந்தது 4 கோர் 8 த்ரெட்டா மாறும், அதாவது ஒரே நேரத்தில பாக்கிற வேலை 4ல இருந்து 8 ஆகும். செகண்ட் ஹேண்ட்ல கிடைக்குது, வேலையும் லேசு. ஆனா எச்110ல அதோட பாதை முடிஞ்சுது. 2017 கடைசியில வந்த இன்டெல் 8ஆம் தலைமுறை ப்ராசசருக்கும் சொக்கட் (ப்ராசசர் இருக்கிற இடம்) பேர் 1151தான், பாத்தா அதே மாதிரித்தான் இருக்கும், ஆனா இந்தப் போர்டில ஓடாது, இது தெரியாம ஐ5 8400 வாங்கிட்டு நிக்கிற ஆக்களும் இருக்காங்க. மற்றது விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை நிப்பாட்டிட்டு, விண்டோஸ் 11 ஏத்துக்கொள்ளுற ப்ராசசர் பட்டியலில ஐ5 6500உம் இல்ல, 7700உம் இல்ல. சாகப் போற போர்டுக்கு நல்ல காசைக் கொட்டுறது எனக்கு மனசு வரல்ல.

ரெண்டாவது வழி கார்ட். ஒரு லட்சத்துக்குள்ள செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 6600தான் என்ட கண்ணுக்குப் பட்டது, 8 ஜிபி, 132 வாட், 1060ஐ விட 12 வாட்தான் கூட. 3060 12 ஜிபி நல்ல கார்ட், ஆனா 170 வாட் கேக்கும், விலையும் ஏறும். 1060க்கு என்விடியா 2025 ஒக்டோபரோட புது கேம் ட்ரைவர் விடுறதை நிப்பாட்டினதால அதை மாத்துற காலம் வந்திட்டு எண்டுறது உண்மை. ஆனா என்ட ஐ5ல 6600ஐப் போட்டா புதுக் கேம்ல 4 த்ரெட்டும் நிரம்பி, சராசரி எஃப்பிஎஸ் வடிவாத் தெரியும், ஆனா சண்டை நடக்கிற இடத்தில திடீர் திடீரெண்டு இழுக்கும். வேலோரண்டில ஒரு எஃப்பிஎஸ்ஸும் கூடாது.

ஒண்டு மட்டும் கேளுங்க, விலை குறைவு எண்டு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போகாதீங்க. அது 4 ஜிபி, போர்டோட பேசுறது 4 லேன்ல (தரவு போற பாதை) மட்டும், எங்கட மாதிரி பிசிஐஇ 3.0 (கார்ட் மாட்டுற ஸ்லொட்ட பழைய தலைமுறை) போர்டில போட்டா அந்தப் பாதையும் பாதியாகி வேகம் நல்லா விழும், கேம் ரெக்கோட் பண்ண என்கோடரும் அதில இல்ல. 6600 8 லேன், பழைய போர்டில கொஞ்சம் குறையும், உணர மாட்டீங்க.

மூண்டாவது வழி பி450 போர்டும் ரைசன் 5 5600உம். டிடிஆர்4 ராம் அப்பிடியே போகும், எஸ்எஸ்டி போகும், 1060 போகும், 6 கோர் 12 த்ரெட், கூலர் பெட்டிக்குள்ளயே வருது, விண்டோஸ் 11 பிரச்சினை இல்ல. நான் இதை எடுத்தன். வேலோரண்டில முதல் மேட்ச்சிலயே ஆள் கூடின இடத்தில 90க்கு விழுந்த எஃப்பிஎஸ் 200க்குக் கீழ வரல்ல, அதே கார்டோட. உங்கட மொனிட்டர் 60 ஹெர்ட்ஸ் எண்டா இதில பாதி கண்ணுக்குத் தெரியாது, அதையும் கணக்கில எடுங்க.

மச்சானுக்கு இந்த வழி தேவையே இல்ல. அவன்ட பி350க்கு 2022ல இருந்து ரைசன் 5000 சீரிஸ் சப்போர்ட் வந்திட்டு, போர்டை அசைக்காம பிறகு 5600ஓ 5700 எக்ஸ்3டியோ போடலாம். அதால அவன் காசை முழுக்க 6600ல போட்டான், ப்ராசசர் அடுத்த வருசம்.

அவன் கார்டை மாட்டப் போகேக்க நான்தான் நிப்பாட்டினன், "பொறு கா, முதல் பவர் சப்ளையைப் பாப்பம்" எண்டு. கேசிங்கோட வந்த சப்ளை, வெளியில 500 வாட் எண்டு பெரிசா எழுதிக் கிடக்கு, பக்கத்தில ஒட்டின லேபல்ல 12 வோல்ட்டுக்கு நேர 18 அம்பியர். 12ஐயும் 18ஐயும் பெருக்கினா 216 வாட், கார்ட்டும் ப்ராசசரும் குடிக்கிறது அந்தத் தண்ணியைத்தான். உள்ளுக்கு ஒரு பல்லி காஞ்சு ஒட்டிக் கிடந்தது. அதைப் பாத்ததோட அவனே காசைக் கொஞ்சம் ஒதுக்கி 80 ப்ளஸ் ப்ரொன்ஸ் (கரண்டை வீணாக்காததுக்குக் குடுக்கிற தரச் சான்று) 550 வாட் ஒண்டு வாங்கினான், அதுவும் அடுத்த மெஷினுக்கு வாற சாமான்தானே. செகண்ட் ஹேண்ட் கார்டை மட்டும் போட்டோ பாத்து வாங்காதீங்க. இதுக்கு முதல் அவன் பஸ்ஸில எடுப்பிச்ச ஒண்டு ஆறாம் நாள் திரை முழுக்கக் கோடு கோடா வந்து நிண்டுது, வித்த ஆள் ஃபோனே எடுக்கல்ல. இந்த முறை கொழும்புக்குப் போய் பம்பலப்பிட்டியில நேர நிண்டு அரை மணித்தியாலம் ஓட விட்டுப் பாத்துத்தான் எடுத்தம்.

மச்சான்ட போர்டுக்கு பயோஸ் மட்டும் இப்பவே புதுப்பிச்சு வச்சம், பழைய ப்ராசசர் இருக்கேக்கதானே செய்யோணும். கார்த்திகை மழை, கரண்ட் போய்ப் போய் வருது, பாதியில போனா போர்ட் செத்துடும், அதால கல்லடியில இருந்து என்ட 650 விஏ யூபிஎஸ்ஸை சைக்கிள் கரியல்ல கட்டிக்கொண்டு போனன். திரையில அந்தக் கோடு 60 வீதத்தில நிக்கேக்க வீட்டு லைட் எல்லாம் நூந்திட்டு, யூபிஎஸ் கீச்செண்டு கத்துது, மச்சான் என்ட கையைப் பிடிச்சவன் 100 வாற வரைக்கும் விடல்ல.

என்ட பழைய ஐ5உம் எச்110உம் இப்ப தங்கச்சிட மேசையில, 8 ஜிபி ஸ்டிக் ஒண்டும் சின்ன எஸ்எஸ்டி ஒண்டும் போட்டுக் குடுத்தன். கார்ட் இல்ல, போர்டில இருக்கிற எச்டிஎம்ஐயே அவளுக்குப் போதும், வந்தாறுமூலை கெம்பஸ் அசைன்மென்ட் எல்லாம் அதிலதான் அடிக்கிறாள்.