வவுனியாவிலிருந்து வெள்ளவத்தை வைஃபையைக் கவனிக்க: டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6

வேகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு, வீட்டுக்குள் வைஃபையைப் பரப்பும் பெட்டியான டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 ரவுட்டரை நான் சொல்ல மாட்டேன். வைஃபை 6, வைஃபை 7 என்று சந்தை எங்கோ போய்விட்டது. இது வைஃபை 5 தலைமுறை. நான் இதை வாங்கியதற்குக் காரணம் வேறு. வேலை எனக்கு வவுனியாவில். அம்மா கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் நான்காம் மாடியில் இருக்கிறார். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் அக்காவின் மகனும் அவருடன் இருக்கிறான். அக்கா ரொறன்ரோவில். இந்த மூன்று ஊர்களையும் இரவில் ஒன்றுசேர்ப்பது அந்த வீட்டு வைஃபைதான். அது நின்றால் அம்மா எனக்குத்தான் அழைப்பார்: "பிள்ளை, படம் வராமல் சுற்றிக்கொண்டே நிற்கிறது."

இணைய நிறுவனம் ஃபைபருடன் தந்த பெட்டியிலும் வைஃபை உண்டு. ஆனால் அது கதவுக்குப் பக்கத்தில், தொலைக்காட்சி மேசைக்குப் பின்னால், தரையோடு தரையாக இருக்கிறது. அதை அணைத்துப் போட வேண்டுமென்றால் முழங்கால் வலியுள்ள எழுபது வயதுப் பெண் குனிந்து, மேசைக்குப் பின்னால் கையை விட்டு ஆளியைத் தேட வேண்டும். நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். கடைசியில் அவர்கள் சொல்வதும் "அணைத்துப் போடுங்கள்" என்பதுதான். அம்மாவைக் குனிய வைக்காமல் அந்த வேலையை நானே செய்ய வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த தேவை.

வாங்கியது பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில். ஒரே கட்டடத்தில் இத்தனை கணினிக் கடைகள் இருப்பதில் ஒரு வசதி, இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டுவிட்டு வாங்கலாம். விலையோடு உத்தரவாதம் யாருடையது என்பதையும் கேளுங்கள்: இறக்குமதி செய்த முகவருடையதா, கடைக்காரருடைய சொந்த வாக்கா? பற்றுச்சீட்டில் தொடர் இலக்கத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். பெட்டிக்குள் வரும் மின்செருகி இலங்கையின் மூன்று சதுரமுனைத் துளைக்குப் பொருந்துமா என்பதையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். பழைய வீடுகளில் வட்டத் துளைகள் இன்னும் இருக்கின்றன.

கருவி எளிமையானது. நான்கு அன்டெனா, பின்னால் ஐந்து வயர் துளைகள், ஐந்தும் கிகாபிட் (நொடிக்கு 1,000 மெகாபிட் வரை). வைஃபை ஓடும் இரண்டு அலைப்பட்டைகளில், 2.4 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு 300 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் 867 மெகாபிட் என்று பெட்டியில் போட்டிருக்கும். அது ஆய்வுகூடக் கணக்கு. வீட்டில் அதில் பாதி கிடைத்தாலே நல்லது. காணொளி அழைப்புக்கும் நல்லூர்த் தேரை நேரலையில் பார்ப்பதற்கும் அதில் ஒரு சிறு பங்கு போதும்.

அமைக்கும் விதத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன். தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ள முடியுமா முடியாதா என்பது இங்கேதான் தீர்மானமாகிறது. நிறுவனத்தின் பெட்டியில், வீட்டுக் கருவிகளை வயரால் இணைக்க இருக்கும் லான் (LAN) துளையிலிருந்து ஒரு வயரை எடுத்து, சி6-இன் நிறம் வேறுபட்ட தனித் துளையில் செருக வேண்டும். அந்த வயரை நீளமாக வாங்குங்கள். நான் அதைச் சுவரோடு ஒட்டி நடைபாதை வரை கொண்டுபோய், ரவுட்டரைப் புத்தகத் தட்டின் மேல் வைத்தேன். வரவேற்பறைக்கும் அம்மாவின் அறைக்கும் நடுவான இடம் அது. அம்மாவின் அறைச் சுவரை ஒட்டி நிற்கும் ஆளுயரக் கண்ணாடி அலுமாரிதான் முன்பு சிக்னலை மறித்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் உள்ள உலோகப் பூச்சு வானொலி அலையைத் திருப்பி அடிக்கும். ரவுட்டர் உயரத்துக்கு வந்ததும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. கடல் பக்கச் சாளரத்தடியில் மட்டும் வைக்காதீர்கள். வெள்ளவத்தையில் குடியிருக்கும் எவருக்கும் தெரியும், உப்புக்காற்று சாளரக் கம்பிகளையே தின்றுவிடும். வயர் துளைகளுக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கு அது எவ்வளவு நேரம்?

பிறகு டெதர் என்ற செயலி. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் பெயரையும் இலக்கத்தையும் கொண்டு அதன் வைஃபையில் இணைந்து செயலியைத் திறந்தால், அதுவே வழி சொல்லிக்கொண்டு போகும். கணினியில் செய்ய விரும்பினால் உலாவியில் 192.168.0.1 என்று அடித்தால் போதும். முதலில் கேட்பது நிர்வாகக் கடவுச்சொல். இது வைஃபை கடவுச்சொல் அல்ல, ரவுட்டரின் சாவி. இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள். வைஃபை கடவுச்சொல் பக்கத்து வீட்டுப் பிள்ளை, விருந்தாளி, தண்ணீர்க் குழாய் திருத்த வந்தவர் என்று பலரிடம் போய்ச் சேரும். சாவி உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

அடுத்தது இன்றியமையாத படி. டிபி-லிங்க் கணக்கொன்றைத் திறந்து, ரவுட்டரை அதனுடன் பிணைக்க வேண்டும். வீட்டு வைஃபையில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். பஸ் ஏறிய பிறகு செய்ய முடியாது. பிணைத்தபின் ரவுட்டர் தானாகவே டிபி-லிங்க் நிறுவனத்தின் சேவையகத்தோடு தொடர்பில் இருக்கும்; நம் கைப்பேசியும் அதே சேவையகத்துக்குப் போகும்; இரண்டும் அங்கே சந்திக்கும். பேச்சு வீட்டிலிருந்து வெளியே போகிறதே தவிர, வெளியிலிருந்து யாரும் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. ஆகவே நிலையான ஐபி முகவரி, அதாவது இணையத்தில் வீட்டுக்கென்று மாறாத ஓர் எண் முகவரி, தேவையில்லை. பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கும் இணைப்புகளிலும் இது வேலை செய்யும்.

இதே ரவுட்டரின் உள்பக்கங்களில் தொலைநிலை நிர்வாகம் என்ற இன்னொரு தெரிவும் உண்டு. அது ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தையே இணையத்துக்குத் திறந்துவிடும். வாங்கும்போது மூடியே இருக்கும், அப்படியே விட்டுவிடுங்கள். 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 இலட்சம் ரவுட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் புகுந்தது. அமெரிக்காவின் எஃப்பிஐ மக்களிடம் ரவுட்டர்களை அணைத்துப் போடச் சொல்லும் நிலை வந்தது. இப்படிப்பட்டவை தேடி அலைவது இணையத்துக்குத் திறந்து கிடக்கும் ரவுட்டர்களையும், மாற்றப்படாத கடவுச்சொற்களையும், புதுப்பிக்கப்படாத மென்பொருளையும்தான். அம்மாவின் வங்கிக் கணக்கும் பிள்ளையின் பாடங்களும் போகும் பாதை இது. செயலி வழியே போதும். பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியையும் நான் மூடிவிட்டேன். அதில் பொத்தானுக்குப் பதில் ஓர் இலக்கத்தை அடித்து இணையும் முறையும் உண்டு; அதில் இருக்கும் ஓட்டை 2011 முதலே வெளிப்படையானது.

இனி அன்றாடம். செயலியைத் திறந்தால் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் நான் தமிழில் பெயர் வைத்திருக்கிறேன்: அம்மா கைப்பேசி, வரவேற்பறைத் தொலைக்காட்சி, தம்பி மடிக்கணினி. முன்பின் தெரியாத பெயரொன்று வந்தால் உடனே கண்ணில் படும், அங்கேயே தடுத்துவிடலாம். விருந்தினர் வைஃபையை ஊரிலிருந்து ஆட்கள் வரும்போது மட்டும் திறக்கிறேன். தம்பி என்று நாங்கள் கூப்பிடும் அக்கா மகனின் மடிக்கணினிக்கு இரவு பத்து மணி எல்லை. "சின்னம்மா, இன்னும் அரை மணிநேரம் திறந்துவிடுங்கள், கணிதப் பயிற்சி முடியவில்லை" என்று செய்தி வரும். எந்தப் பயிற்சி என்று கேட்டுவிட்டுத் திறந்துவிடுவேன். இந்தக் கேள்வியும் பதிலும் எனக்குப் பிடித்தமானவை. தூரத்தில் இருக்கும் எனக்கு அவன் படிப்பில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

அணைத்துப் போடும் வேலைக்கும் ஒரு பொத்தான். இரண்டொரு நிமிடத்தில் ரவுட்டர் திரும்ப எழுந்துவிடும். அம்மா கதிரையை விட்டு எழவேண்டியதில்லை. ஆனால் மறுதொடக்கக் கட்டளை ரவுட்டரைச் சென்றடைய இணையம் வேண்டும். இணைப்பே அறுந்துபோனால் செயலியில் ரவுட்டர் சாம்பல் நிறத்தில் கிடக்கும், நாம் தொட முடியாது. இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். வைஃபை திணறுவது, ஒரு கருவி மட்டும் இணைய மறுப்பது, எதுவோ ஒன்று எல்லா வேகத்தையும் இழுத்துக்கொள்வது ஆகியவற்றுக்கு இது மருந்து. அறுந்த ஃபைபருக்கு அல்ல.

அதற்காக அம்மாவுக்கு விளக்குகளை வாசிக்கக் கற்றுக்கொடுத்தேன். சி6-இன் முன்புறத்தில் உலக உருண்டை போன்ற விளக்கு பச்சையாக இருந்தால் இணையம் உண்டு; ஆரஞ்சு என்றால் வயர் சரி, இணையம் இல்லை. நிறுவனத்தின் பெட்டியில் லொஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபரில் ஒளி வரவில்லை. அப்போது எதை அணைத்துப் போட்டும் பயனில்லை, நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும். இப்போது அம்மாவின் அழைப்பு "பிள்ளை, மேலே ஆரஞ்சு, கீழே சிவப்பு" என்று தொடங்குகிறது. உதவி எண்ணில் எடுப்பவருக்கும் அதே சொற்களைச் சொல்கிறார். அணைத்துப் போடச் சொல்லும் சடங்கைத் தாண்டி, நேரே ஆளை அனுப்பும் பேச்சுக்கு வந்துவிட முடிகிறது.

தூரத்திலிருந்து செய்யக் கூடாதவை இரண்டு. வைஃபை பெயரையோ கடவுச்சொல்லையோ மாற்றாதீர்கள். மாற்றிய நொடியில் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் கழன்றுவிடும். ஒவ்வொன்றிலும் புதிதாக அடித்துக் கொடுக்க அங்கே ஆள் வேண்டும். தொலைக்காட்சியின் தொலையியக்கியால் கடவுச்சொல் அடிக்கும் வேலையை அம்மாமாரிடம் கொடுப்பது கொடுமை. இரண்டாவது, முழு மீளமைப்பு. அதைச் செய்தால் கணக்குப் பிணைப்பும் போய்விடும், நாம் வெளியே நிற்போம். உதவ வரும் அயலவர்கள் பின்புற மீளமைப்புப் பொத்தானைத்தான் முதலில் தேடுவார்கள். அதன்மேல் நாடா ஒட்டி "தொட வேண்டாம்" என்று எழுதியிருக்கிறேன்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் மாத இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி நாடே இருளானதும் நினைவில் இருக்கும். அந்த நாட்களுக்குப் பிறகு கொழும்புக் கடைகளில் ரவுட்டருக்கென்றே சிறிய மின்சேமிப்புப் பெட்டிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ரவுட்டருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தால் போதாது, நிறுவனத்தின் பெட்டியும் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு வெளியீடு உள்ளதாக எடுங்கள். சி6-க்கு 12 வோல்ட். நிறுவனத்தின் பெட்டிக்கு எவ்வளவு என்பதை அதன் செருகியில் வாசித்துப் பொருத்துங்கள். இரண்டு பெட்டிகளின் அம்பியரையும் கூட்டி, மின்சேமிப்புப் பெட்டி அதைத் தாங்குமா என்று பாருங்கள். விளக்கு இல்லாத மாலையிலும் அக்காவின் அழைப்பு அறுபடாமல் போகிறது. தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு இது ஆடம்பரம் அல்ல என்று உறுதியாகச் சொல்வேன்.

தொடர்மாடிகளில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. நம் வீட்டிலிருந்து தேடினால் மேல்மாடி, கீழ்மாடி, எதிர்க் கட்டடம் என்று அக்கம்பக்கத்தார் வைஃபை பெயர்கள் வரிசையாக வரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் 1, 6, 11 என்ற மூன்றே மூன்று. எல்லோரும் அதிலேதான் நெருக்கியடிக்கிறார்கள். ஆகவே தொலைக்காட்சி, மடிக்கணினி ஆகியவற்றை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டு, சுவர் தாண்ட வேண்டிய அம்மாவின் கைப்பேசிக்கு மட்டும் 2.4-ஐ விடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டத் தயங்கும், ஆனால் நெரிசல் குறைவு.

மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் செயலி அறிவிக்கும். நான் அதை வெள்ளவத்தையில் இருக்கும் வார இறுதியில், பகலில் மட்டும் போடுகிறேன். இடையில் மின்சாரம் போனால் ரவுட்டர் எழாமல் போகக்கூடும். அப்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

இரண்டு மாடித் தனிவீடு வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு ரவுட்டர் போதாது. கல்கிசை, தெகிவளைப் பக்கத்துத் தடித்த சுவர்ப் பழைய வீடுகளுக்கும் அப்படித்தான். அவர்கள் இதே நிறுவனத்தின் டெக்கோ போன்ற, மாடிக்கொன்றாக வைக்கும் வலைத் தொகுதியைப் பார்க்கலாம். அதற்கும் தனிச் செயலி உண்டு, அதையும் தூரத்திலிருந்து நடத்தலாம். இரண்டு மூன்று அறை கொண்ட தொடர்மாடி வீட்டுக்கு, பெற்றோரைத் தனியே விட்டுவிட்டு வெளியூரில் வேலை செய்பவருக்கு, ஆர்ச்சர் சி6-ஐத் தயங்காமல் வாங்கச் சொல்வேன். ஆனால் வாங்கி அனுப்பிவிட்டு, "யாரையாவது கூப்பிட்டுப் பூட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லாதீர்கள். ஒரு சனிக்கிழமை நீங்களே போய், கணக்கைப் பிணைத்து, கைப்பேசியின் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் செயலியைத் திறந்து, ரவுட்டர் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.