மெட்டாலிகா ‘நோ லைஃப் டில் லெதர்’ கேசட், ஒருவழியா வாங்கிட்டேன்

ரொம்ப வருஷமா கண்ணு வச்சிருந்த சாமான், போன மாசம்தான் கைக்கு வந்துச்சு. அமெரிக்க ஹெவி மெட்டல் பேண்ட் மெட்டாலிகா 1982 ஜூலைல கலிஃபோர்னியால ரெக்கார்ட் பண்ண டெமோ (ஆல்பத்துக்கு முன்னாடி போட்டுக் காட்டுறதுக்குன்னு எடுக்குற மாதிரி டேப்), மொத்தமே ஏழு பாட்டு, அப்போ பாடுற ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுக்கும் டிரம்ஸ் வாசிக்கிற லார்ஸ் உல்ரிச்சுக்கும் 18 வயசு, ஆல்பம்னு ஒண்ணு வர்றதுக்கே இன்னும் ஒரு வருஷம் இருக்கு. அதை 33 வருஷம் கழிச்சு 2015 ஏப்ரல்ல ரெக்கார்ட் ஸ்டோர் டேக்கு (இசைத்தட்டு கடைங்களுக்காக வருஷா வருஷம் கொண்டாடுற நாள்) அவங்களே திரும்ப கேசட்டா விட்டாங்க. நான் வாங்கினது செகண்ட் ஹேண்ட். விலைய இங்க எழுத மாட்டேன், வீட்ல யாராவது படிச்சிட்டா சோறு கிடைக்காது.

அட்டைல லார்ஸ் அந்தக் காலத்துல பேனால எழுதின எழுத்தையே அப்படியே போட்டிருக்காங்க. பெருசா டிசைன் ஒண்ணும் கிடையாது, ஆனா ரெக்கார்டிங் கடைல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்து டிடிகே கேசட்ல ஏத்தி வாங்கிட்டு வந்து, அட்டைல நாமளே பாட்டு பேரு எழுதி வச்சவங்களுக்கு இதைப் பாத்ததும் ஒரு மாதிரி ஆயிடும். எனக்கு ஆச்சு.

கேக்கலாம்னு அப்பாவோட பழைய கேசட் டெக்க எடுத்தா பெல்ட் லூசு, முதல் பாட்டு ‘ஹிட் த லைட்ஸ்’ என்னமோ சாமி ஊர்வலம் மாதிரி நகருது. ஒரு ரிப்பேர் கடைல குடுத்தேன், புது பெல்ட் போட்டாச்சுன்னு குடுத்தாரு, வீட்டுக்கு வந்து போட்டா இப்போ எல்லாரும் அணில் மாதிரி பாடுறாங்க. ரெண்டு தடவ நடந்து அப்புறம்தான் ஸ்பீடு சரியாச்சு. அதனால கேசட்ட திட்ட மாட்டேன், அது பாவம்.

சரி, சத்தம் எப்படி? நான் இத்தனை நாளா வச்சிருந்தது காப்பிலருந்து காப்பி எடுத்து அதுலருந்து இன்னொரு காப்பி எடுத்த எம்பி3. கேசட்ல ஒவ்வொரு தடவ காப்பி எடுக்குறப்பவும் இரைச்சல் ஏறும், சிம்பல் மாதிரி மேல் சத்தமெல்லாம் மங்கிடும், கடைசில போர்வைக்குள்ள உக்காந்து கேக்குற மாதிரி ஆயிடும். இதுல அந்தப் போர்வைய தூக்கிட்டாங்க. கிட்டார் ரெண்டும் தனித்தனியா தெரியுது, லார்ஸ் அங்கங்க தடுமாறுறதும் தெளிவாவே தெரியுது (அன்னிலருந்தே அப்படித்தான்னு சொல்றவங்க சொல்லிக்கலாம்). ஆனா பளபளன்னு எதிர்பாக்காதீங்க, இது டெமோ.

ஆச்சரியம் ஹெட்ஃபீல்டோட குரல்தான். பின்னாடி கேட்ட அந்த உறுமல் கிடையவே கிடையாது. டயமண்ட் ஹெட் மாதிரி பிரிட்டிஷ் பேண்டுங்கள கேட்டு கேட்டு அதே மாதிரி மேல இழுத்து பாட முயற்சி பண்ற பையன் குரல், சில இடத்துல கிறீச்சுனு உடையுது. நான் பாடலாமா வேண்டாமான்னு அவருக்கே சந்தேகம் இருந்த காலம், வேற பாடகர் தேடிட்டிருந்தாங்க. அந்த சந்தேகம் டேப்ல அப்படியே கேக்குது.

ஆனா நான் இந்தக் கேசட்ட வாங்கினது ஹெட்ஃபீல்டுக்காக இல்ல, டேவ் மஸ்டெய்னுக்காக. அப்போ இவரும் மெட்டாலிகால இருந்தாரு, லீட் கிட்டார், அதாவது சோலோ வாசிக்கிறது, முழுக்க அவர்தான். ‘த மெக்கானிக்ஸ்’னு ஒரு பாட்டு இருக்கு, அவர் எழுதினது, பெட்ரோல் பங்க் வேலைய வச்சு ஒரே டபுள் மீனிங். இதே பாட்டத்தான் அடுத்த வருஷம் அவங்க முதல் ஆல்பமான ‘கில் எம் ஆல்’ல நடுவுல ஒரு மெதுவான பகுதி சேர்த்து, வரிய மொத்தமா மாத்தி, ஏழு நிமிஷத்துக்கு இழுத்து ‘த ஃபோர் ஹார்ஸ்மென்’னு போட்டாங்க. மஸ்டெய்ன் விட்டாரா, மெட்டாலிகாவ விட்டுப் போனப்புறம் அவர் ஆரம்பிச்ச பேண்ட் மெகாடெத், 1985ல அதோட முதல் ஆல்பத்துல ஒரிஜினல் வரியோட, இன்னும் தலைதெறிக்க ஓடுற வேகத்துல அதே பாட்ட திரும்ப போட்டாரு. மூணையும் வரிசையா கேளுங்க, ரெண்டு பேண்டோட சண்டையும் அதுலயே இருக்கு. என் ஓட்டு இந்த டெமோவுக்குத்தான், நாலு பேரும் ஒரே ரூம்ல நின்னு வாசிச்ச மாதிரி இருக்கிறது இதுல மட்டும்தான்.

பாஸ் வாசிச்ச ரான் மெக்கவ்னிய யாரும் கண்டுக்க மாட்டாங்க, அவர் வீட்டு கராஜ்லதான் இவங்க பிராக்டிஸே பண்ணாங்க. அப்புறம் பாஸுக்கு கிளிஃப் பர்ட்டன் வந்துட்டாரு, இவரு கதை அதோட முடிஞ்சுது. ‘சீக் அண்ட் டெஸ்ட்ராய்’ல பாஸ் சும்மா கிட்டார் பின்னாலயே போகுது, உண்மைதான், ஆனாலும் மனுஷன் பாவம்.

இந்த டேப் எப்படி ஊர் ஊரா போச்சுங்கிறது தனி கதை. லார்ஸே பெரிய டேப் ட்ரேடர், ஊர்ப்பட்ட பேருக்கு தபால்ல கேசட் அனுப்பி கேசட் வாங்குற ஆளு. கடைல விக்காமலே கை மாறி மாறி நியூ ஜெர்சில ஜானி ஸசூலாங்கிறவர் கைக்கு போச்சு, அவர் சந்தைல ரெக்கார்ட் கடை வச்சிருந்தவர், கேட்டுட்டு கிளம்பி வாங்கடான்னு கூப்பிட்டாரு. இவங்க அமெரிக்காவோட அந்தக் கோடிலருந்து இந்தக் கோடிக்கு வண்டி ஓட்டிட்டு வந்தாங்க. வந்து கொஞ்ச நாள்ல, 1983 ஏப்ரல்ல, குடியும் சண்டையும் தாங்க முடியலன்னு ஒரு நாள் காலைல மஸ்டெய்ன எழுப்பி நீ கிளம்புன்னு சொல்லி பஸ் ஏத்தி விட்டுட்டாங்க. பஸ்ல நாலு நாள் ஆகும் கலிஃபோர்னியா போய் சேர. எந்த டேப்ப கேட்டுட்டு அவங்கள கூப்பிட்டாங்களோ அதுல சோலோ பூரா வாசிச்சவன் பஸ்ல, மத்தவங்க ஜூலைல ஆல்பம் விடுறாங்க. மஸ்டெய்ன் இடத்துக்கு கர்க் ஹாமெட் வந்து வாசிச்சாரு, ஆனா சில சோலோவோட ஆரம்பம் இந்த டேப்ல மஸ்டெய்ன் வாசிச்சதேதான். ஆல்பத்துலயும் நாலு பாட்டுல மஸ்டெய்ன் பேர் இருக்கு.

சிடி, எல்பின்னு பெருசா இன்னொரு வெளியீடு வரும்னாங்க, வரல. பாட்டு எழுதினது யாருன்னு பேர் போடுறதுல தகராறுன்னு மஸ்டெய்னே வெளிப்படையா சொன்னாரு. அதான் இந்தக் கேசட்டுக்கு இந்த விலை.

மெட்டாலிகா இப்பதான் கேக்க ஆரம்பிக்கிறீங்கன்னா இது வேண்டாம், ‘கில் எம் ஆல்’ போதும். அதை மனப்பாடமா தெரிஞ்சவங்களுக்குத்தான் இது ருசிக்கும், அவங்களுக்கு 5க்கு 4. ஒரு மார்க் குறைச்சது உள்ள படிக்க ஒண்ணுமே வைக்காததுக்கு, ரெண்டு பக்கம் எழுதி வச்சிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவங்க கேசட்டோட கீழ்ப்பக்கத்த போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க, டேப்புக்குப் பின்னாடி இருக்கிற அந்த சின்ன பஞ்சு விழுந்திருந்தா சத்தம் வந்து வந்து போகும். என்னோடதுல பஞ்சு பத்திரமா இருக்கு, டெக் பெல்ட்தான் நேத்துலருந்து மறுபடி இழுக்குது.