பெரியவர் திடீரென்று பிதற்றினால்: புது மாத்திரை வாங்குமுன் இதைப் படியுங்கள்

நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆள் தெரியாமல் பிதற்றுகிறார், இரவெல்லாம் எழுந்து நடக்கிறார், பிடிக்கப் போனால் அடிக்கிறார். பதறி ஓடும் குடும்பத்துக்குப் பல இடங்களில் கிடைப்பது ஐந்து நிமிடப் பார்வை, “வயசாச்சு, மறதி நோய்” என்ற ஒரு வரி, ஆளை அடக்க ஒரு மாத்திரை. ஏற்கெனவே என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்பதே இல்லை. இது அநியாயம்.

மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல வளரும். ஓரிரு நாளில் வந்து, காலையில் தெளிந்து மாலையில் முற்றுவது டெலிரியம் எனும் திடீர் மனக்குழப்பம். அதற்கு மருந்தே காரணமாக இருக்கலாம். சளிக்குக் கொடுத்த குளோர்பெனிரமின், அடிக்கடி சிறுநீர் போவதைக் குறைக்க ஆக்சிபியூட்டினின், நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின்: மூன்றுமே மூளையிலும் உடலிலும் நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பவை. ஒன்றைத் தாங்கியவர் மூன்றும் சேர்ந்தால் தடுமாறுவார். வாய் உலரும், மலம் கட்டும், சிறுநீர் அடைக்கும். அடைத்த மூத்திரப்பையின் வேதனையைச் சொல்லத் தெரியாமல்தான் சிலர் கத்துகிறார்கள்; அதற்கும் தூக்க மாத்திரை கொடுப்பது கொடுமை.

அடக்கும் மாத்திரைக்கும் விலை உண்டு. இப்படிக் கொடுக்கும் மனநோய் மருந்தான ஹாலோபெரிடால், பார்க்கின்சன் நோயாளியின் உடலை மேலும் இறுக்கி அசையவிடாமல் செய்துவிடும். மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலும் 2008இலும் எச்சரித்தது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் மட்டும், மிகக் குறைந்த அளவில், சில நாளுக்கு என்பதே முறை.

வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். கண் சொட்டு, இருமல் மருந்து, கடையில் கேட்டு வாங்கியது உட்பட. கடந்த 2 வாரத்தில் சேர்ந்தது, அளவு கூடியது, நின்றது என்று தனியாக எழுதுங்கள். நின்றதும் முக்கியம்: பதற்றத்துக்காக நெடுநாள் சாப்பிட்ட அல்பிரசோலாம் மாத்திரையைச் சட்டென்று விட்டால் நடுக்கம், பதற்றம், வலிப்புகூட வரும். ஆகவே நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். சர்க்கரை, சோடியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ஆக்சிஜன், நோய்த்தொற்று, மூத்திரப்பை எல்லாம் பார்த்தார்களா என்று கேளுங்கள். கண்ணாடியையும் காது கருவியையும் மாட்டிவிடுங்கள். கையைக் கட்ட விடாதீர்கள்.

புது மாத்திரை எழுதினால் எதற்கு, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை, காய்ச்சல் இருக்கிறது, தலையில் அடிபட்டிருக்கிறது என்றால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.