டெல்டா வீட்டில் வாட்டர் சாஃப்ட்னர்: முதலில் பிரஷர், பிறகுதான் மெஷின்

வெளிநாட்டில் பல ஊர்களில் தெருக்குழாய்த் தண்ணீரே மூன்று, நான்கு பார் அழுத்தத்தில் வீட்டுக்குள் வந்துவிடும். தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னரை அங்கே மாட்டுவது அரைநாள் வேலை. கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் அதே மாதிரி மாட்டிவிட்டு வந்தால், இரண்டே மாதத்தில் அம்மாவிடமிருந்து போன் வரும்: "குழாயில உப்புத்தண்ணி வருதுப்பா." பழுது பெரும்பாலும் மெஷினில் இருக்காது, அழுத்தத்தில்தான் இருக்கும்.

கணக்கு எளிது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார். மாடி வீட்டு மொட்டைமாடித் தொட்டி ஏழு மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே கிடைப்பது 0.7 பார். ஆட்டோமேட்டிக் ஹெட்டுக்கு (மெஷினின் மேலே இருக்கும் தானியங்கி வால்வு) ஒன்றரை முதல் இரண்டு பார் வேண்டும். ஹெட்டுக்குள் இருக்கும் இன்ஜெக்டர் சின்னத் துளை வழியாகத் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சி, அந்த இழுப்பில்தான் உப்புத்தொட்டியிலிருந்து கரைசலை உறிஞ்சுகிறது. வேகம் இல்லையென்றால் உறிஞ்சாது. உப்புத்தொட்டி நிரம்பி வழியும், இல்லாவிட்டால் பாதி உறிஞ்சிய உப்பு சரியாக அலசப்படாமல் குழாய்க்கு வரும்.

ஊருக்குப் போன முதல் நாளே இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். சாஃப்ட்னர் வைக்கப்போகும் இடத்துக் குழாயை முழுக்கத் திறந்து 15 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். 90 விநாடிக்குள் நிரம்பினால் நிமிடத்துக்கு 10 லிட்டர். சாஃப்ட்னரின் 10 இன்ச் விட்டமுள்ள வெசலில் (உருளைத் தொட்டி) பாக்வாஷின்போது, அதாவது தண்ணீரைக் கீழிருந்து மேலே பாய்ச்சி அலசும்போது, கடினத்தன்மையைப் பிடிக்கும் ரெசின் மணிகள் மேலே எழும்ப ஏறக்குறைய அவ்வளவு ஓட்டம் தேவை. அழுத்தமானியையும் குழாய் ஓடும்போதே பாருங்கள், மூடியிருக்கும்போது காட்டும் எண் ஏமாற்றும்.

அடுத்தது கடினத்தன்மை. கடைக்காரர் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த மொத்த உப்புகள்) மீட்டரை முக்கிவிட்டு சாஃப்ட்னர் விற்க வந்தால் நிறுத்திக் கேளுங்கள். அந்த மீட்டர் கடினத்தன்மையைக் காட்டாது, சாஃப்ட்னர் டி.டி.எஸ்ஸைக் குறைக்கவும் குறைக்காது. வேதாரண்யம், நாகப்பட்டினம் ஓரத்தில் தண்ணீர் கரிக்கிறது என்றால் அது சாஃப்ட்னர் தீர்க்கும் விஷயமே இல்லை, ஆர்.ஓ. வேலை. கடினத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்துக் கிட்டில் தண்ணீர் ஒயின் சிவப்பிலிருந்து சுத்த நீலமாக மாறும் சொட்டுவரை எண்ணுங்கள், ஊதாவில் நிறுத்தக் கூடாது. போர் தண்ணீரும் கொள்ளிடத் திட்டத்துத் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலக்கும் வீடுகளில் அந்த இரண்டையும் சம்ப்புக் கலவையையும் தனித்தனியாகப் பாருங்கள். மேட்டூர் திறந்து ஆறு ஓடும் மாதங்களில் எடுத்த அளவை மட்டும் நம்பாதீர்கள், கோடை அளவை வைத்தே செட்டிங் போடுங்கள். வாளியில் பிடித்து வைத்த போர் தண்ணீர் சற்று நேரத்தில் மஞ்சளித்தால் இரும்பு இருக்கிறது. முன்னால் இரும்பை நீக்கும் ஃபில்டர் இல்லாமல் ரெசின் வீணாகும்.

லிட்டருக்கு 500 மி.கி. கடினத்தன்மை, நாளுக்கு 800 லிட்டர் செலவு என்றால் தினம் 400 கிராம் சுமை. 25 லிட்டர் ரெசின் சுமார் 1,250 கிராம் தாங்கும். ஆக மூன்று நாளுக்கு ஒருமுறை ரீஜெனரேஷன் (உப்புக் கரைசலால் ரெசினைப் புதுப்பிப்பது), ஒவ்வொன்றுக்கும் 3 கிலோ உப்பு, மாதம் 30 கிலோ. வேதாரண்யம் கல்லுப்பு பக்கத்திலேயே மலிவாகக் கிடைத்தாலும் அதன் மண் இன்ஜெக்டரை அடைத்துவிடும். டேப்லெட் உப்பே போடுங்கள்.

அழுத்தத்துக்கு என்ன வழி? பலர் செய்வது, சம்ப்பிலிருந்து தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் வழியில் சாஃப்ட்னரை நுழைப்பது. பகலில் நன்றாகவே ஓடும். ஆனால் ஹெட் இரவு இரண்டு மணிக்கு ரீஜெனரேஷன் தொடங்கும்போது மோட்டார் நின்றிருக்கும், அழுத்தம் பூஜ்யம். யாரும் கவனிக்காத கோளாறு இதுதான். மேலும் 1 ஹெச்.பி. மோட்டார் தள்ளும் வேகம் 25 லிட்டர் ரெசினுக்கு அதிகம். மணிக்கு 1,000 லிட்டரைத் தாண்டினால் கடினத்தன்மை கசிந்து வரும். இந்த வழிதான் என்றால் சம்ப்புக்குத் திரும்பும் பைபாஸ் குழாய் போட்டு ஓட்டத்தைக் குறையுங்கள். ஆட்டோ ஹெட் வேண்டாம், கையால் திருப்பும் மல்டிபோர்ட் வால்வு போதும், மோட்டாரை ஓடவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

எங்கள் பரிந்துரை வேறு: மொட்டைமாடித் தொட்டிக்குக் கீழே அரை ஹெச்.பி. ஆட்டோ பிரஷர் பம்ப், அதன்பின் 20 மைக்ரான் ஃபில்டர், சாஃப்ட்னர், பிறகு பாத்ரூமுக்கும் வாஷிங் மெஷினுக்கும் மட்டும் லைன். ஹெட் தண்ணீர் கேட்டதும் பம்ப் தானே ஓடும். நிழல் கட்டாயம், வெயிலில் எஃப்.ஆர்.பி. (ஃபைபர்) வெசல் தாங்காது. கீழே இறங்கும் லைனில் காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு (வாக்குவம் பிரேக்கர்) இல்லையென்றால் வெற்றிடம் ஏற்பட்டு வெசல் உள்வாங்கும். குழாய் 1 இன்ச், வளைவுகள் குறைவாக. சாஃப்ட்னரைத் தவிர்த்துத் தண்ணீர் விட மூன்று வால்வு பைபாஸ், இருபுறமும் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), முன்னும் பின்னும் ஒவ்வொரு அழுத்தமானி. நகராட்சி லைனில் நேரடியாக மோட்டார் வைக்கவே கூடாது, பறிமுதல் செய்வார்கள், பக்கத்து வீட்டுத் தண்ணீரும் நின்றுபோகும்.

சமையல், குடிநீர் லைனைப் பிரித்து வையுங்கள். 500 மி.கி. கடினத்தன்மையை நீக்கினால் லிட்டருக்கு 230 மி.கி. சோடியம் சேர்கிறது, ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களுக்கு அது கூடாது.

கழிவு உப்புநீர் ஒருமுறைக்கு 200 லிட்டருக்கு மேல் வரும். பிளம்பர் வசதிக்காகக் கொல்லைப் பக்கம் விட்டுவிடுவார். வாழை பட்டுப்போகும், வாய்க்காலில் கலந்தால் அடுத்தவர் நாற்று கருகும். சாக்கடை லைன் வரை குழாய் போட்டு முடித்தபின்தான் காசைக் கொடுங்கள்.

அமெரிக்கா, கனடாவிலிருந்து ஹெட்டைப் பெட்டியில் எடுத்து வர வேண்டாம். அங்கே 120 வோல்ட், மரையும் வேறு, இன்ஜெக்டர் கெட்டால் இங்கே கிடைக்காது. உள்ளூர்க் கடையில் வாங்கி, கரண்ட் போனாலும் நேரத்தை மறக்காத மாடலா என்று மெயினை அணைத்துப் போட்டுப் பாருங்கள். விடுமுறையின் முதல் வாரத்திலேயே மாட்டினால், கிளம்புமுன் இரண்டு ரீஜெனரேஷனைக் கண்ணால் பார்த்துவிடலாம். உப்புத்தொட்டி நீர்மட்டம் சுமார் கால் மணி நேரத்தில் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். ஒரு மாற்று இன்ஜெக்டர், ஓ-ரிங், சிலிக்கான் கிரீஸ் மூன்றையும் டப்பாவில் போட்டு வீட்டிலேயே வையுங்கள். வீடு பல மாதம் பூட்டியிருந்தால் பைபாஸில் விட்டுவிட்டு, திரும்பி வந்ததும் ஒருமுறை ரீஜெனரேஷன் செய்து, முதல் 100 லிட்டரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.