நாயை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

செந்தூல், ஜாலான் ஈப்போ, கெப்போங் பக்கம் இருப்பவர்களே, "கூண்டே கிடையாது, வீட்டுப் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்வோம்" என்ற விளம்பரத்தைக் கண்டால் கொஞ்சம் நில்லுங்கள். பெயரைச் சொல்லப் போவதில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது.

தீபாவளிக்குத் தைப்பிங் போனபோது எங்கள் நாய் மணியை அந்த விளம்பரம் போட்ட பெண்மணியிடம் விட்டோம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். "உள்ளே வந்தால் மற்ற நாய்கள் மிரளும், அண்ணா" என்று வாசலிலேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டார். தடுப்பூசி அட்டையை நீட்டினால், "பரவாயில்லை" என்கிறார். பல நாய்கள் சேரும் இடத்தில் பார்வோ என்ற உயிர்க்கொல்லித் தொற்றுநோய் நுழைந்தால் என்ன ஆகும்? ஒழுங்காகத் தொழில் செய்கிறவர்கள் அந்த அட்டையைப் பார்க்காமல் நாயை உள்ளேயே விடமாட்டார்கள்.

தினமும் படம் மட்டும் தவறாமல் வந்தது. சோபாவில் மணி, தரையில் மணி, பந்தோடு மணி. இரவு எட்டரைக்கு வந்த படத்தில் ஜன்னலில் பளீரென்று வெயில்! கேட்டால், காலையில் எடுத்ததாம். மறுநாள் படத்திலும் அதே பந்து, அதே இடத்தில். முதல் நாளே மொத்தமாக எடுத்துவைத்துத் தவணை முறையில் அனுப்பியிருக்கிறார். வீடியோவில் அழைத்தால் இணையம் சரியில்லையாம், கோலாலம்பூரில்.

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. முன்னதாகவே திரும்பி, சொல்லாமல் போய் நின்றோம். சமையற்கட்டுக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ், ஒன்றன்மேல் ஒன்றாகக் கூண்டுகள். கீழ்த்தட்டில் மணி, மேலே இருந்த நாயின் மூத்திரம் அதன் முதுகில். தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து கிடந்தது. "தரை கழுவ இப்போதுதான் அடைத்தேன்" என்றார், கூசாமல்.

மணியின் காதுக்குள் கொத்துக் கொத்தாக உண்ணி. இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தது. இரத்தத் தட்டணுக்கள் சரிந்திருந்தன. உண்ணிக் காய்ச்சல் என்று மருத்துவர் நான்கு வாரத்துக்கு டாக்சிசைக்லின் மருந்து எழுதிக் கொடுத்தார். "உங்கள் நாய்தான் உண்ணியைக் கொண்டுவந்தது" என்று பதில் அனுப்பிவிட்டு, அந்தப் பெண்மணி என் எண்ணைத் தடுத்துவிட்டார். பழுப்பு நாய் உண்ணி சுவர் விரிசலில் முட்டையிட்டு வீட்டுக்குள்ளேயே பெருகும். அந்தப் பின்கட்டுச் சுவரைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இப்படி நடந்தால் சும்மா இருக்காதீர்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். வாட்ஸ்அப் உரையாடல், பணம் கட்டிய ரசீது, மருத்துவச் செலவுச் சீட்டு எதையும் அழிக்காதீர்கள். கூண்டுகளின் படங்களோடு கால்நடைச் சேவைத் துறையிடமும் புகார் கொடுத்திருக்கிறேன். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, கொடுமை நிரூபணமானால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

அதே ஆள் இப்போது வேறு பெயரில் தைப்பூச விடுமுறைக்கு முன்பதிவு எடுத்துக்கொண்டிருக்கிறார். யாராக இருந்தாலும், நாய் படுக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். வாசலோடு அனுப்பப் பார்த்தால், நாயோடு திரும்பி வந்துவிடுங்கள்.