மார்கழி மாதத்தில் ஒரு டயப்பர் வழக்கு

கனடாவில், பிராம்ப்டனில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியபோது மைனஸ் 14. மீனம்பாக்கத்தில் இறங்கிய அதிகாலையில் 22. அழைத்துப்போக வந்த அம்மாவின் கையில் இரண்டு குரங்குக் குல்லாய். "பனி கொட்டுது, முதல்ல பசங்க காதை மூடு" என்றாள். பக்கத்தில் டிரைவர் அண்ணன் மஃப்ளர் சுற்றிக்கொண்டு நின்றார். என் பிள்ளைகள் இரண்டும் அரைக்கை சட்டையில், ஏதோ ஜூலை மாதம் வந்துவிட்டதைப்போல் குதித்துக்கொண்டிருந்தன.

மூன்று வாரப் பயணம். பேங்க் வேலை, பல் டாக்டர், பாஸ்போர்ட் போட்டோ, நாத்தனார் வீட்டு கிரகப்பிரவேசம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அதில் எழுத ஒன்றுமில்லை. நான் எழுத உட்கார்ந்தது ஒரு டயப்பரைப் பற்றி.

மகளுக்கு மூன்றரை வயது, மகனுக்கு இருபது மாதம். கனடாவில் இந்தக் குளிரில் அவர்களை எங்கே கூட்டிப்போவது? பக்கத்து ஊரான வான் (Vaughan) நகரத்தில் பெரிய தீம் பார்க் 1981இலிருந்து இருக்கிறது. ஆனால் அதன் தண்ணீர்ப் பகுதி கோடையோடு சரி, மற்ற நாளெல்லாம் பூட்டுதான். சென்னையிலோ டிசம்பர் கடைசியில்தான் கூட்டமே அலைமோதும். அரையாண்டு லீவு, வெயிலும் சுடாது. அதனால் ஊருக்குப் போனால் ஒரு நாள் தீம் பார்க் என்பது எங்கள் பட்டியலில் முதல் வரி.

எனக்கு வேறு காரணமும் இருந்தது. நான் குரோம்பேட்டையில் வளர்ந்தவள். சினிமா தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சன் 1995இல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா தீம் பார்க்கைத் திறந்தபோது எங்கள் பள்ளியிலிருந்து மூன்று பஸ்ஸில் போனோம். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஈரத்துணியைச் சுருட்டி வைத்த மஞ்சப்பை, திரும்பும்போது பஸ் முழுக்க குளோரின் வாசம். அதற்கு முந்தைய தலைமுறைக்கு வி.ஜி.பி. பார்க்கின் சிலை மனிதர். அசையாமல் நிற்கும் அவரைச் சிரிக்க வைக்க என் அப்பா முக்கால் மணி நேரம் முயன்ற கதை எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓடுகிறது.

நாங்கள் போன பூங்கா சென்னைக்குத் தெற்கே இருக்கிறது. பெயர் வேண்டாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் மேல்மருவத்தூர் போகிற செவ்வாடை பஸ்களுக்கு நடுவே ஊர்ந்து, பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வாசலில் பையைச் சோதித்தார்கள். வெளிச்சாப்பாடு கூடாது, குழந்தைச் சாப்பாட்டுக்கு மட்டும் விலக்கு. அம்மா கட்டிக்கொடுத்த பருப்பு சாதத்தைத் திறந்து மோந்து பார்த்த அந்தப் பெண், "நெய் ஊத்தியிருக்கீங்களா?" என்று கேட்டு மூடிக் கொடுத்தாள். பெரியவர்களுக்கென்று வைத்திருந்த புளியோதரை மட்டும் டோக்கன் வாங்கிக்கொண்டு வெளியிலேயே தங்கியது. மகளைச் சுவரில் வரைந்த ஒட்டகச்சிவிங்கிக்குப் பக்கத்தில் நிறுத்தி உயரம் அளந்தார்கள். அவளுக்கு டிக்கெட் உண்டு. மகன் அளவுக்கோட்டுக்கு நான்கு விரல் கீழே, இலவசம். சரி, இதுவரைக்கும் குறை சொல்ல எதுவுமில்லை. பருத்தித் துணியோடு தண்ணீருக்குள் விடமாட்டார்கள், நைலான்தான் என்பது தெரிந்ததுதான். நூல் பிரிந்து ஃபில்டரை அடைக்கும் என்பார்கள். எங்களிடம் நைலான் இருந்தது. லாக்கர் எடுத்து, டெபாசிட் கட்டி, ரப்பர் வளையத்தில் சாவியைக் கையில் மாட்டிக்கொண்டு, குழந்தைகள் குளத்தின் வாசலுக்கு வந்தோம்.

அங்கே ஒரு செக்யூரிட்டி அக்கா. நீலச் சீருடை, தலையில் மல்லி, அதற்கு மேல் தொப்பி. என் மகனின் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"டயப்பர் கழட்டிடுங்க மேடம்."

"இது ஸ்விம் டயப்பருங்க."

"அதான் மேடம் நானும் சொல்றேன். டயப்பர்."

இதைக் கனடாவில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் போகும் பிராம்ப்டன் நீச்சல் குளத்தில் விதி நேர் எதிர். டாய்லெட் பழகாத குழந்தை ஸ்விம் டயப்பர் இல்லாமல் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. ஒரு தடவை மறந்துவிட்டுப் போய், வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டு, மைனஸ் 9இல் கார் பார்க்கிங்கைக் குறுக்கே நடந்து ஃபார்மசிக்குப் போய் வாங்கி வந்திருக்கிறேன். அப்படிப்பட்ட என்னிடம் இங்கே, போட்டிருந்தால் உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். போடாத குழந்தைகளெல்லாம் உள்ளே ஜாலியாகத் தண்ணீரை அடித்துக்கொண்டிருக்கின்றன. போடாத குழந்தைகள் உள்ளே என்ன செய்துகொண்டிருக்கும் என்று யோசிக்கிற ஆள் அங்கே நான் ஒருத்திதான்.

பாக்கெட்டையே எடுத்துக் காட்டினேன். ஒரு பக்கம் ஆங்கிலம், இன்னொரு பக்கம் பிரெஞ்சு. அக்கா இரண்டு பக்கத்தையும் பொறுமையாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, படத்தில் இருந்த குழந்தையைக் காட்டி, "பாருங்க, டயப்பர்தான் போட்டிருக்கு" என்றார். வீட்டுக்காரர் என் காதில், "கழட்டிடேன், அஞ்சு நிமிஷ வேலை" என்றார். அவருக்கு எப்போதும் அஞ்சு நிமிஷ வேலைதான்.

சூபர்வைசரைக் கூப்பிடச் சொன்னேன். கையில் வாக்கி-டாக்கியோடு ஒரு தம்பி வந்தார். அவர் சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். போன வாரம் யாரோ சாதா டயப்பரோடு குழந்தையை இறக்கிவிட்டார்களாம். அது ஊதி, கிழிந்து, உள்ளே இருந்த ஜெல்லி குளம் முழுக்கப் பரவி, பம்பை நிறுத்தி ஃபில்டரைக் கழுவ அரை நாள் ஆனதாம். ஆகும்தான். சாதா டயப்பருக்குள் இருக்கும் பாலிமர் பொடி தன் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேல் தண்ணீரை உறிஞ்சும். ஸ்விம் டயப்பரில் அந்தப் பொடியே கிடையாது. மூத்திரத்தை அது பிடித்து வைக்காது, கெட்டியான சமாச்சாரத்தை மட்டும்தான் தடுத்து நிறுத்தும். இந்த வித்தியாசத்தைத்தான் நான் கால் மணி நேரமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாயால் சொல்லி ஆகாது என்று தெரிந்தது. பையிலிருந்து சாதா டயப்பர் ஒன்று, ஸ்விம் டயப்பர் ஒன்று எடுத்தேன். குடிதண்ணீர்க் குழாயில் பாட்டிலை நிரப்பி வந்து, திண்ணையில் இரண்டையும் விரித்து, டிவியில் சோப்புத்தூள் விளம்பரத்தில் காட்டுவார்களே, அதேபோல் ஒரே அளவு ஊற்றினேன். ஒன்று பூரிபோல உப்பி எழுந்தது. மற்றது அப்படியே கிடக்க, தண்ணீர் ஒழுகி திண்ணையிலிருந்து சொட்டியது. சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். "எந்தக் கடையில கிடைக்குதுங்க?" என்று ஒரு அம்மா விசாரித்தார். ஒருவர் வீடியோ எடுத்தார். நல்லவேளையாக அது எங்கும் சுற்றியதாகத் தெரியவில்லை.

சூபர்வைசர் தம்பி டயப்பரை விரலால் அழுத்திப் பார்த்தார். முகத்தில் உண்மையான ஆச்சரியம். அப்புறம் சொன்னார்: "மேடம், உங்களுக்குப் புரியுது. இப்ப எனக்கும் புரிஞ்சிடுச்சு. ஆனா உள்ள லைஃப்கார்டு நாலு பேரு இருக்காங்க, ஷிஃப்ட் மாறும். ஒவ்வொருத்தனுக்கும் இந்த மாதிரி யாரு தண்ணி ஊத்திக் காட்டுறது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கனடாவில் இந்த வாதம் நடந்தே இருக்காது. விதி பலகையில் இருக்கும், பலகையைக் கையால் காட்டுவார்கள், நான் வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுவேன். இங்கே இருபது நிமிடம் என்னோடு நின்று, டயப்பரை அழுத்திப் பார்த்து, ஒத்துக்கொண்டு, அதற்குப் பிறகும் முடியாது என்கிறார்கள். எது மேல் என்று இன்னும் எனக்குள் தீர்ப்பாகவில்லை.

இவ்வளவு நேரமும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், எழுந்து வந்து, "கொண்டா இங்க" என்று பேரனை என் இடுப்பிலிருந்து வாங்கினாள். டயப்பரை ஒரே இழுப்பில் கழற்றி என் கையில் கொடுத்தாள். பக்கத்தில் இருந்த கழிப்பறைக்குள் கொண்டுபோய், கால்களை விரித்துப் பிடித்து, வாயைக் குவித்து, "ஸ்ஸ்ஸ்ஸ்" என்றாள்.

போனான். உடனே போனான். பிறந்ததிலிருந்து டயப்பரை விட்டு வேறு எங்கும் போகாத என் பிள்ளை, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டதைப்போல.

"ஏம்மா, இது எப்படி?"

"மூணு வாரமா காலையில நான்தானே கொண்டு போறேன். நீ எங்க எழுந்திரிக்கிற, எட்டரை வரைக்கும் தூங்குற."

பெரிய சமாச்சாரமும் காலையிலேயே முடிந்துவிட்டது என்ற தகவலையும் அவளே, என்னிடம் இல்லை, செக்யூரிட்டி அக்காவிடம் தெரிவித்தாள். அக்கா தலையாட்டினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அந்த இடத்தில் நான்தான் டாய்லெட் பழகாதவள் மாதிரி நின்றேன். எங்கள் டாக்டர் இரண்டு வயதுக்கு முன்னால் அவசரமே வேண்டாம், குழந்தை தயார் என்று காட்டும் அறிகுறிகளுக்குக் காத்திருங்கள் என்று சொல்லியிருந்தார். நானும் காத்திருந்தேன். அறிகுறி ஸ்ஸ்ஸ் என்று தெரிந்திருக்கவில்லை.

ஆக, நைலான் டிராயரை மட்டும் மாட்டி இறக்கினோம். நான்கு நிமிடம். நான்கே நிமிடம்தான் இருந்தான்.

வெயிலில் 28 டிகிரி இருந்தது உண்மை. தண்ணீர் 28 இல்லை. இராத்திரி முழுக்க மார்கழிப் பனியில் கிடந்த தண்ணீர், மேலே நிழலுக்குப் போட்ட கூரை வேறு. பிராம்ப்டனில் சின்னக் குழந்தைகளுக்கான குளத்தை வெந்நீர்போல வைத்திருப்பார்கள், வெளியே பனி பெய்தாலும் உள்ளே இதமாக இருக்கும். பனியில் விளையாடிய பிள்ளைகள், இதெல்லாம் ஒரு குளிரா என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். பனியில் அவர்கள் ஐந்து அடுக்கு உடுப்போடு விளையாடினார்கள் என்பதை வசதியாக மறந்துவிட்டேன். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டைப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். சின்ன உடம்பு இன்னும் சீக்கிரம் சில்லிட்டுப்போகும். மகன் உதடு நாவற்பழம் தின்றதுபோல் ஆகி, தாடை தந்தியடித்தது. மகள் கொஞ்சம் வீம்பு பிடித்தவள், பத்து நிமிடம் தாங்கினாள். உள்ளூர்ப் பிள்ளைகள் ஒன்றுகூட நடுங்கவில்லை.

அம்மா இரண்டு குரங்குக் குல்லாயையும் எடுத்தாள். பேசவே இல்லை. பேசியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மற்றபடி அந்த நாள் நன்றாகவே போனது. டீக் கவுண்டர் அண்ணன் ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் பிடித்துக் கொடுத்துவிட்டு காசு வாங்க மறுத்தார். குதிரை ராட்டினத்தில் மகள் ஏழு தடவை சுற்றினாள். உடை மாற்றும் அறையில் ஆணி ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் பல்லில் கடித்துக்கொண்டுதான் உடுத்த வேண்டும், 1995இலும் இப்படித்தான். போகிறவர்கள் அரையாண்டு லீவு முடிந்த பிறகு, வார நாளில், மதியம் பன்னிரண்டுக்கு மேல் தண்ணீரில் இறங்குங்கள். இரண்டு துண்டு போதாது, ஆளுக்கு இரண்டு வேண்டும்.

அன்று இரவு மனது கேட்காமல் ஃபோனில் தேடிப் படித்தேன். வயிற்றுப்போக்கு இருக்கும் குழந்தையிடமிருந்து கிருமி தண்ணீரில் கலப்பதை ஸ்விம் டயப்பர் சில நிமிடங்கள்தான் தாமதப்படுத்துமாம், தடுக்காதாம். கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒரு கிருமி, சரியாகக் குளோரின் போட்ட தண்ணீரிலேயே ஏழு நாளுக்கு மேல் உயிரோடு இருக்குமாம். ஆக நான் சண்டை போட்டுக் காப்பாற்றப் பார்த்தது அவ்வளவு பெரிய கவசம் ஒன்றும் இல்லை. இதை அம்மாவிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை.

ஆனால் அதற்கு முன்னால், சாயங்காலம் புளியோதரையைத் திருப்பி வாங்க டோக்கனோடு வாசலில் நின்றபோது, அந்தச் செக்யூரிட்டி அக்கா டூட்டி முடிந்து, தொப்பியைக் கழற்றி, புடவையில் வந்தார். மல்லி அப்படியே இருந்தது.

"மேடம், அந்த கவர்ல மிச்சம் இருக்கா? ஒண்ணு குடுங்களேன். மேனேஜர்கிட்ட நான் தண்ணி ஊத்திக் காட்டுறேன்."

மூன்று எடுத்துக் கொடுத்தேன். ஊற்றிக் காட்ட சாதா டயப்பரும் ஒன்று வேண்டுமே என்று அம்மாதான் ஞாபகப்படுத்தினாள்.