15-15-15 குருணை உரம்: காய்கறிப் பாத்திக்கு எவ்வளவு தேறும்?

தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகள் மூன்றும் தலா 15 சதவீதம். அதாவது ஒரு கிலோவில் தழைச்சத்து 150 கிராம். அடியுரமாக, அதாவது விதைக்கும்போதோ நடும்போதோ மண்ணுக்குள் போட்டால், இந்தக் காம்ப்ளக்ஸ் குருணை நல்ல சரக்கு. செடி வளர்ந்தபின் போடும் மேலுரத்துக்கு இதை நாங்கள் சொல்ல மாட்டோம். காரணம் மணிச்சத்து.

தழைச்சத்து தண்ணீரோடு இறங்கும். மணிச்சத்தோ விழுந்த இடத்தை விட்டு ஓரிரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே பெரிது. மேலே தூவினால் மேல்மண்ணிலேயே கிடக்கும். சுண்ணாம்பு மண்ணில் கால்சியமும், அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக்கொள்ளும். காய்க்கும் செடியின் தூரைச் சுற்றி மாதம் ஒருமுறை இதையே தூவினால், மூட்டைக்குக் கொடுத்த காசில் கணிசமான பங்கு வேருக்குப் போய்ச் சேராது.

வாங்கியதும் ஒரு பிடியை வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். எல்லாக் குருணையும் ஒரே நிறம், ஏறக்குறைய ஒரே அளவு என்றால் காம்ப்ளக்ஸ். ஒவ்வொரு குருணையிலும் மூன்று சத்தும் உண்டு. வெள்ளை, சாம்பல், செங்கல் நிறம் என்று கலந்து கிடந்தால் யூரியா, டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட்), பொட்டாஷ் போன்றவற்றைச் சேர்த்துக் கிளறிய கலப்பு உரம். அதுவும் உரம்தான், ஆனால் மூட்டை ஆட ஆடப் பொடிசு கீழே இறங்கும். முதல் பாத்திக்கு ஒரு கலவை, கடைசிப் பாத்திக்கு வேறொரு கலவை என்றாகிவிடும். அளப்பதற்கு முன் மூட்டையை நன்றாக உருட்டிக் கலக்குவது அவசியம்.

அளவுக்கு வருவோம். தக்காளி, கத்தரி, மிளகாய் போன்றவற்றுக்குச் சதுர மீட்டருக்கு மொத்தம் 10 கிராம் தழைச்சத்து என்று வைத்துக்கொண்டால், அடியுரமாக 15-15-15 குருணை 35 கிராம்; பிறகு பூக்கும்போது யூரியா 5 கிராம், காய் பிடித்ததும் இன்னொரு 5 கிராம். யூரியாவில் 46 சதவீதம் தழை என்பதால் கணக்கு சரியாக வரும். மக்கிய தொழுவுரம் தாராளமாகப் போட்ட மண்ணில் இதில் பாதி போதும். பீன்ஸ், பட்டாணிக்கு யூரியாவே வேண்டாம். கொடி தழைக்கும், காய் குறையும். ‘ஒரு கைப்பிடி’ என்ற கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஒருவர் பிடி இன்னொருவருடையதில் பாதிதான் இருக்கும். ஒரு டப்பாவில் ஒருமுறை நிறுத்துக் கோடு போட்டுவைத்தால் வேலை முடிந்தது.

போடும் இடம்தான் பாதி விளைச்சல். விதை வரிசைக்கு 5 செ.மீ. தள்ளி, விதையைவிட 5 செ.மீ. ஆழமாகச் சால் கீறி, குருணையைச் சரமாக விட்டு மூடுங்கள். வரிசைக்கு வரிசை 60 செ.மீ. என்றால் ஒரு மீட்டர் சாலுக்கு 21 கிராம். விதைக்கு நேர் கீழே விழுந்தால் உப்புச்செறிவு இளவேரிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். முளை வராது, வந்தாலும் இலையோரம் கருகும். மேலுரம் தண்டிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தள்ளி விழவேண்டும். யூரியாவை ஈர மண்மேல் திறந்து விட்டால் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். லேசாகக் கொத்தி மூடுங்கள், அல்லது உடனே சதுர மீட்டருக்கு 10 லிட்டர் தண்ணீர் விடுங்கள்.

கையால் சுழற்றித் தூவும் கருவி புல்தரைக்குச் சரி. காய்கறி வரிசையில் அது குருணையை இலைக்கணுக்களுக்குள் எறியும். பனி ஈரத்தில் ஒட்டி மறுநாளே கருகல் புள்ளி விழும். ஒரு மீட்டர் நீள பிவிசி குழாயின் நுனியைத் தண்டிலிருந்து அதே 10 முதல் 15 செ.மீ. தள்ளி வைத்து மேலிருந்து கொட்டுவது எவ்வளவோ மேல், முதுகும் வலிக்காது.

பூச்சுக் குருணையையும் சொல்லவேண்டும். பூச்சு வழியே நீர் உள்ளே போய், கரைந்த சத்து மெல்ல வெளியே கசியும். மண் சூடானால் கசிவு வேகமாகும். அட்டையில் ஆறு மாதம் என்றிருப்பது மிதமான வெப்பத்துக்கான கணக்கு. தொட்டிக்கும் நீண்டகாலப் பயிருக்கும் நல்லது. முப்பது நாளில் அறுக்கும் கீரைக்கு வீண். சத்து தீர்ந்த பிறகும் கூடு அப்படியே உருண்டையாகக் கிடக்கும், ஏமாறவேண்டாம். விரலால் நசுக்குங்கள்: உள்ளே வெறும் தண்ணீர் என்றால் தீர்ந்துவிட்டது. அந்தக் கூடு பிளாஸ்டிக் என்றால் எளிதில் மக்காது என்பது எங்களுக்குப் பிடிக்காத அம்சம்.

திறந்த மூட்டை காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகும். கட்டி தட்டியதாலேயே சத்து போய்விடாது. தட்டி உடைத்துப் பயன்படுத்தலாம், கட்டியை அப்படியே தூரில் போடாதவரை.